மண் பிடிக்கும் கமிஷன்!

பூதப்பாண்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூதலிங்கசுவாமி கோயில்? 1907-ல் தோழர் ஜீவா பிறந்த ஊர் என்ற பெருமை? தாடகை மலை? எனக்கு இப்போதெல்லாம் ஞாபகம் வருவது அந்த ஊரில் உள்ள ஒரு வீட்டு முற்றம்தான். முற்றத்து நடுவில் ஒரு நெட்டை மூங்கில். அதோடு ஒட்டிக்கொண்டு பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு செம்புக் கம்பி. மூங்கிலின் அடியிலிருந்து நாலாபக்கமும், புல்லுக்குள் மறைந்து, சைக்கிள் சக்கரத்து ஆரக்கால் மாதிரி இருபத்தெட்டு கம்பிகள் படுத்துக் கிடக்கின்றன.

வீட்டுக்காரர் என் நண்பர். ஆபீஸ் போய் வருகிற சாதாரணக் குடும்பஸ்தர். "பேரெல்லாம் போட்டுராதீங்கோ" என்று கண்டிஷன் போட்டுவிட்டதால் இங்கே அவர் வெறும் அண்ணாச்சி. கம்பிகளைப் பதித்துக் கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டா வேலி ஓரமாக வந்து நின்றாராம்.

"எடேய், இது என்னடே? மீன்வலையா காயப்போட்டிருக்கே?"

"ஏரியல், பாட்டா."

"ஏரியல்னா மேலயில்லா இருக்கணும்? நீ என்னடே கீழ விதைச்சு வச்சிருக்கே?"

பாட்டா எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் இல்லை. ஆனால் அந்த ஒரே கேள்விக்குப் பதில் தேடித்தான் உலகத்தில் பல இஞ்சினியர்கள் எண்பது தொண்ணூறு வருஷமாக மண்ணைக் கிளறிக் கொண்டிருக்கிறார்கள்!

அண்ணாச்சி ஒரு 'ஹாம்'. அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர். மத்திய தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் பரீட்சையில் பாஸ் செய்து, லைசென்ஸ் வாங்கி, 'வி.யு.' என்று ஆரம்பிக்கும் ஓர் அழைப்புக் குறியோடு, சொந்த செட்டில் உலகத்தோடு பேசுகிறவர். காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. ராஜீவ் காந்தி கூட ஒரு ஹாம்தான். வி.யு.2 ஆர்.ஜி. என்பது அவருடைய குறி.

"கையில் செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு சார்?" என்று கேட்பீர்கள். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தவர்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். ரப்பர், தென்னை, வாழை எல்லாம் சாய்ந்து, கரண்ட் கம்பம் முறிந்து, நாள் கணக்கில் இருட்டு. செல்போன் டவருக்கும் கரண்ட் வேண்டுமே! கடலுக்குப் போன படகுகளோ சில லட்சத்தீவுப் பக்கமும், சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்திலும் போய் ஒதுங்கியிருந்தன. உயிரோடு ஒதுங்கினார்கள் என்ற சேதி வீட்டுக்கு வந்து சேருவதற்குள் கரையில் இருந்தவர்கள் பாதி செத்துவிட்டார்கள். சேதி வராமலே போன வீடுகளும் உண்டு. படகில் இருக்கும் சிறு வயர்லெஸ் செட், கண்ணுக்கெட்டிய தூரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். வானத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் முட்டித் திரும்பி ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் போவது சிற்றலை.

2004 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கிறதல்லவா? ஹைதராபாத்தில் உள்ள அமெச்சூர் ரேடியோ நிலையத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு, உலகத்து ஹாம்களோடு பொழுதுபோக்காகப் பேசுவதற்கென்று அந்த மாதம் அந்தமான் போயிருந்தது. சுனாமி வந்தது. பொழுதுபோக்கு அந்த நிமிஷமே நின்று, போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குச் சேதி சொல்லும் வேலை ஆரம்பித்தது.

ஒக்கி இருட்டில் உட்கார்ந்துதான் அண்ணாச்சி கணக்குப் போட்டிருக்கிறார். கரண்ட் போனால் பேட்டரிதான் கதி. நூறு வாட் செட் ஒன்று, பேசும்போது பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து இருபது ஆம்பியர் வரை உறிஞ்சும். கார் பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்? அப்படி மல்லுக்கட்டி உற்பத்தி செய்கிற நூறு வாட்டில் எத்தனை வாட் நிஜமாகவே ஆகாயத்துக்குப் போகிறது? அளந்து பார்த்தால், பாதி! மீதிப் பாதி பூதப்பாண்டி மண்ணுக்குள் இருக்கும் மண்புழுக்களுக்கு வெந்நீர் போட்டுக் கொண்டிருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது உடனே புரிந்தது. நூறு ரூபாய் சரக்கில் ஐம்பது ரூபாய் புரோக்கர் கமிஷன் போனால் அந்த வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?

கமிஷன் ஏன் என்று பார்ப்போம். சாதாரண 'டைபோல்' ஆன்டெனாவுக்கு இரண்டு கை. துணி காயப்போடும் கொடி மாதிரி நடுவில் வயர் சேர்த்து, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுவது. நாற்பது மீட்டர் பேண்ட் என்கிற 7 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் இருபது மீட்டர் இடம் வேண்டும். உயரமாகவும் கட்ட வேண்டும். தாழக் கட்டினால் சிக்னல் பெரும்பாலும் நேரே மேலே போய் நேரே கீழே விழும். பக்கத்து ஜில்லாக்களோடு பேச அதுதான் உத்தமம், சந்தேகமில்லை. தூரதேசத்துக்கு, அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்த கோணத்தில் கிளம்ப வேண்டும். சின்ன முற்றத்தில் அதற்குச் சுலப வழி, செங்குத்து ஆன்டெனா. அலை நீளத்தில் கால் பங்கு, பத்து மீட்டர் கம்பி, நெட்டுக்குத்தலாக. ("தென்னைமரம் இருக்கே, உயரத்திலே டைபோல் கட்டலாமே?" என்று நானும் கேட்டேன். "மரம் என்னுது இல்லை. தேங்காய் வெட்டுகவன் கம்பியையும் சேர்த்து வெட்டுவான்" என்றார்.)

ஆனால் செங்குத்து ஆன்டெனாவுக்கு ஒரு கைதான். இன்னொரு கைக்கு அது பூமியைப் பிடித்துக் கொள்கிறது. 1895-லேயே மார்க்கோனி இதைத்தான் செய்தார். ஒரு முனை உயரத்தில், மறுமுனை மண்ணில். கம்பியிலிருந்து காற்று வழியாகச் சுற்றிலும் இறங்குகிற மின்னோட்டம், தரை வழியாக எல்லாத் திசையிலிருந்தும் ஓடி வந்து ஆன்டெனாவின் காலடியில் சேர வேண்டும். அப்போதுதான் சுற்று பூர்த்தியாகும். இந்தத் திரும்பி வரும் பயணத்தில்தான் கொள்ளை நடக்கிறது. செம்பு எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துமோ, அதில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் சாதாரண மண் கடத்தும். வருகிற வழியெல்லாம் சுங்கம்!

கணக்கு ரொம்பச் சுலபம். கால் அலை செங்குத்துக் கம்பிக்குக் கதிர்வீச்சுத் தடை என்று ஒன்று உண்டு, சுமார் 36 ஓம். இதில் செலவாகும் வாட்தான் ஆகாயத்துக்குப் போவது. அதோடு வரிசையில் நிற்பது மண் தடை. அதுவும் 36 ஓம் என்று வைத்துக் கொண்டால் ஆளுக்குப் பாதி. மண் தடை 12 என்றால் நமக்கு முக்கால் பங்கு. 4 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு. பத்தாம் வகுப்பு வகுத்தல் போதும்.

மண் தடையைக் குறைப்பது எப்படி? நம் ஊர் எலெக்ட்ரீஷியனிடம் கேட்டால் கண்ணை மூடிக் கொண்டு சொல்வார்: "குழி தோண்டு, ஜி.ஐ. பைப்பை இறக்கு, உப்பும் கரியும் போட்டு தண்ணி ஊத்து." வீட்டு வயரிங்குக்கு அது சத்தியமான வைத்தியம். ஷார்ட் ஆனால் உயிரைக் காப்பாற்றும். ரேடியோ அலைக்கு அது செல்லுபடி ஆகாது. செக்கண்டுக்கு எழுபது லட்சம் தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிற மின்னோட்டம் ஆழத்துக்கெல்லாம் இறங்காது, மேல்மண்ணில் இரண்டு மூன்று மீட்டருக்குள்ளேயே பரவி வரும். அதுவும் நாலு திசையிலிருந்தும்.

கல்யாண வீட்டுப் பந்திக்கு ஊர் பூராவும் வருகிறது, சுற்றிலும் சேறு. வாசலில் மட்டும் ஒரு பலகையைப் போட்டு வைத்தால் என்ன பிரயோஜனம்? வருகிறவர்கள் அதுவரை சேற்றை மிதித்துத்தானே வர வேண்டும்? நாலு பக்கத்திலிருந்தும் பந்தல் வரை பலகை போட வேண்டும். அந்தப் பலகைகள்தான் அண்ணாச்சி முற்றத்தில் படுத்துக் கிடக்கிற கம்பிகள். ஹாம் பாஷையில் 'ரேடியல்'.

இதை முதன்முதலில் ஒழுங்காக அளந்து சொன்னவர்கள் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனி இஞ்சினியர்கள் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன். 1937-ல் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. இரண்டு கம்பியிலிருந்து 113 கம்பி வரை புதைத்துப் புதைத்துப் பார்த்திருக்கிறார்கள். பொறுமை! அதற்குப் பிறகு மீடியம் வேவ் ஒலிபரப்புக் கோபுரங்களுக்கு அடியில் சுற்றிலும் 120 செம்புக் கம்பி என்பது அங்கே கிட்டத்தட்ட வேதவாக்காகி விட்டது.

சம்பளக்காரன் 120 கம்பிக்கு எங்கே போவது? நல்லவேளை, அவ்வளவு வேண்டாம். முதல் நாலு கம்பி நிறையச் சம்பாதித்துக் கொடுக்கும், பதினாறு வரை நல்ல லாபம், முப்பதைத் தாண்டினால் ஒவ்வொரு கம்பியும் சில்லறைதான். காலேஜில் குறைந்து செல் பயன்பாட்டு விதி என்று ஒன்றை வேண்டாவெறுப்பாக மனப்பாடம் செய்தேன். அது பூதப்பாண்டி முற்றத்தில் புல்லுக்குள் கிடக்கும் என்று யார் கண்டது?

அண்ணாச்சியின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். கையடக்கமான அனலைசர் ஒன்று வைத்திருக்கிறார் (இப்போது நேனோ வி.என்.ஏ. என்று மலிவாகவே கிடைக்கிறது). ஆன்டெனாவின் காலடியில் வைத்தால் மொத்தத் தடையைக் காட்டும். தரைக் கம்பி ஒன்றும் இல்லாமல், வெறும் பைப் மட்டும் அடித்திருந்தபோது 72 ஓம். நாலு ரேடியல் போட்டதும் 60. எட்டு, 52. பதினாறு, 45. இருபத்தெட்டில் 41. இதில் 36 நமக்கு, மிச்சம் மண்ணுக்கு. பாதியாக இருந்த வரவு நூற்றுக்கு எண்பத்தெட்டாகி விட்டது. முன்பு நூறு வாட் போட்டு அனுப்பிய சிக்னலை இப்போது 57 வாட்டிலேயே அனுப்பி விடலாம். பேட்டரி மிச்சம்!

இந்த நோட்டில் எட்டு ரேடியல் என்ற இடத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்தார். என்னவென்று கேட்டேன். சிரித்தார்.

"அங்கதான் எல்லாரும் நிறுத்திருவாங்கோ."

காரணம் இது. செட்டும் கேபிளும் 50 ஓம் கணக்கில் செய்யப்பட்டவை. ஆன்டெனாவும் 50 ஓமாக இருந்தால் 'எஸ்.டபிள்யூ.ஆர்.' மீட்டரில் முள் ஒன்றுக்கு ஒன்று என்று அழகாகப் படுத்துக் கொள்ளும். ஹாம்களுக்கு அந்த முள் படுத்தால் பிள்ளை பரீட்சையில் பாஸ் செய்த மாதிரி ஓர் ஆனந்தம். எட்டுக் கம்பியில் 52 ஓம், முள் படுத்தே விட்டது. ஆனால் அதில் 16 ஓம் மண்ணுடையது. நூற்றுக்கு முப்பது வாட் பூமிக்குள்! மேலே மேலே கம்பி போட்டால் என்ன ஆகும்? மண் தடை குறையும், மொத்தம் 41 ஆகும், மீட்டரில் முள் கொஞ்சம் எழுந்து நிற்கும். "அய்யய்யோ, கெட்டுப் போச்சே" என்று போட்ட கம்பியைப் பிடுங்கியவர்களும் உண்டாம்! ஒன்றுக்குப் பதில் 1.2 என்று முள் நின்றால் ஒரு நஷ்டமும் இல்லை. சொல்லப் போனால், கரண்டையெல்லாம் வெப்பமாக்கி விடுகிற ஒரு 50 ஓம் ரெசிஸ்டரைச் செட்டில் மாட்டினால் கூட முள் அழகாகப் படுத்துக் கொள்ளும். ஒரு வார்த்தை வெளியே போகாது. ஆபீஸில் ஃபைலெல்லாம் சுத்தமாக அடுக்கி வைத்து, ஒரு வேலையும் செய்யாத ஆசாமிகள் உங்களுக்குத் தெரியுமல்லவா?

ஆகவே பார்க்க வேண்டியது முள்ளை அல்ல, ஓமை. நாலு நாலாகக் கம்பி போட்டுக் கொண்டே போங்கள். கடைசி நாலு போட்டும் ஓம் அசையவில்லை என்றால் நிறுத்திக் கொள்ளலாம்.

கம்பிக்கு என்ன செலவு? தடிமனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மின்னோட்டம் இத்தனை கம்பிகளில் பங்கு போட்டுக் கொண்டு வருவதால் மெல்லிசே போதும். மேலே பிளாஸ்டிக் உறை இருந்தாலும் பரவாயில்லை. அண்ணாச்சி மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையிலும் பழைய சாமான் கடையிலும் தேடி வாங்கினார். இரும்புக் கம்பி வேண்டாம், கடத்துவதும் மோசம், துருவும் பிடிக்கும். அலுமினியத்தை ஈர மண் தின்றுவிடும். செம்புதான். ஆழமாகப் புதைக்கவும் கூடாது. புல்லுக்கு மேலேயே போட்டு, அங்கங்கே வளைத்த கம்பித் துண்டால் தரையோடு குத்தி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் புல்லே மூடிக் கொள்ளும். எல்லாக் கம்பியும் ஆன்டெனா அடியில் ஒரு செம்புத் தகட்டில் நட்டு போல்ட்டோடு சேர்கின்றன. கேபிளின் வெளிப்பின்னலும் அங்கேதான். இந்த ஜில்லாவில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். தகட்டில் பச்சைக் களிம்பு ஏறாமல் அடிக்கடி சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கம்பி கைவசம் கொஞ்சம்தான் இருக்கிறதா? நீளமாக நாலு போடுவதைவிடக் குட்டையாக எட்டு போடுவது மேல். ஆன்டெனா அடியில்தான் மின்னோட்டம் நெருக்கியடித்துக் கொண்டு வருகிறது, அங்கேதான் பலகை அதிகம் வேண்டும். இதை ரூடி செவர்ன்ஸ் என்ற அமெரிக்க ஹாம் தன் நிலத்தில் ஆன்டெனா நட்டு, பொறுமையாக அளந்து, 2009 முதல் ஒரு தொடராக எழுதினார். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது தரையில் கிடக்கும் நீளக் கம்பியை நறுக்கிக் குட்டையாக்கினால் சிக்னல் கூடுகிறது என்று அவர் காட்டியது பலருக்கு அதிர்ச்சி. மண்ணில் கிடக்கிற கம்பிக்கு ஆகாயத்து அளவுச் சட்டம் பொருந்தாது.

அவரே இன்னொரு வித்தையும் அளந்து காட்டினார். கம்பிகளைத் தரையில் போடாமல், ஆன்டெனாவின் அடியையும் சேர்த்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே தூக்கி, நாலே நாலு ரேடியலைக் காற்றில் இழுத்துக் கட்டினால், தரையில் அறுபதுக்கு மேல் போட்டதற்குச் சமமாக வேலை செய்கிறது! மின்னோட்டம் மண்ணைத் தொடாமலே திரும்பி விடுகிறது. ஆனால் இங்கே அளவு கச்சிதமாக இருக்க வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குப் பத்து மீட்டர், நாலும் ஒரே நீளம். பேசும்போது கம்பியின் நுனியில் வோல்டேஜ் எக்கச்சக்கமாக இருக்கும், கையால் தொட்டால் சுட்டுவிடும். முற்றத்தில் குழந்தைகள் விளையாடுகிற வீட்டுக்கு, ஆள் இடுப்புயரக் கம்பி ஆகாது என்று அண்ணாச்சி தரையோடு நின்றுவிட்டார். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். பசுமாடு வேறு இருக்கிறது.

இடம் இன்னும் குறைவு, பத்து மீட்டர் மூங்கிலே நட முடியாது என்கிறவர்கள் இரண்டரை மீட்டர் கம்பியில் ஒரு காயிலைச் சுற்றிச் சமாளிக்கிறார்கள். அங்கே மண் செய்கிற அநியாயம் இன்னும் பயங்கரம். ஆன்டெனா குட்டையானால் கதிர்வீச்சுத் தடை 36-லிருந்து ஒன்றரை ஓமுக்கு வந்துவிடும். மண் தடை 10 ஓம் என்றால், நூறு வாட்டில் வெளியே போவது பன்னிரண்டு, பதிமூன்று. காயில் தின்றது தனி.

"குட்டை" என்றதும் இரண்டரை மீட்டரை நினைக்காதீர்கள். 471 மீட்டர் கோபுரமும் குட்டையாக இருக்க முடியும்! பூதப்பாண்டியிலிருந்து காக்கா பறக்கும் தூரத்தில் நாற்பது கிலோமீட்டருக்குள், திருநெல்வேலி ஜில்லா விஜயநாராயணத்தில், 1990 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருக்கிறது. கடலுக்குள் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் சேதி அனுப்பும் நிலையம். அலை எண் 18.2 கிலோஹெர்ட்ஸ். அலை நீளம் பதினாறரை கிலோமீட்டர். கால் அலைக் கோபுரம் கட்ட வேண்டுமென்றால் நாலு கிலோமீட்டர் உயரம் வேண்டும். அகஸ்தியமலை கூட அதில் பாதி இல்லை! அந்தக் கணக்கில் 471 மீட்டர் என்பது குட்டைக் குச்சி. கதிர்வீச்சுத் தடை ஓர் ஓம் அளவுக்குத்தான் தேறும். மண்ணும் ஓர் ஓம் தின்றால் பாதி மின்சாரம் காலி. அதனால்தான் இந்த மாதிரி நிலையங்களில் உலகம் முழுக்க கோபுரத்துக்குச் செலவழிக்கிற அதே சிரத்தையோடு பூமிக்குள் கம்பி வலை விரிக்கிறார்கள். பாட்டா கேட்டது அங்கேயும் செல்லும்: ஏரியலில் பெரிய பாகம் கீழேதான் இருக்கிறது.

எத்தனை கம்பி போட்டாலும் தீராத ஒரு விஷயம் பாக்கி. ரேடியல் எல்லாம் ஆன்டெனாவின் காலடிக் கணக்கை மட்டும்தான் சரிசெய்யும். கிளம்பிய அலை வெளியே தூரத்து நிலத்தில் பட்டுப் போகும்போது அங்கே இருக்கும் மண்ணும் தாழ்ந்த கோணத்து சிக்னலைக் கொஞ்சம் முழுங்குகிறது. அதற்கு மருந்து உப்புத் தண்ணீர். கடல்நீர் சாதாரண மண்ணைவிட ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும். அதனால்தான் அலையோரம் நட்ட செங்குத்துக் கம்பி சின்ன செட்டிலும் சண்டப்பிரசண்டமாகப் பேசும். அலையோரம் என்றால் அலையோரமே. நூறு மீட்டர் உள்ளே தள்ளிக் காய்ந்த மணலில் நட்டால், காலடியில் இருப்பது பாறைக்குச் சமமான மண். வயல்காட்டு ஈரக் களிமண் அதைவிட எவ்வளவோ தேவலை. இந்த விஷயத்தில் நாஞ்சில் நாட்டு வயல் ஓரங்களுக்குப் பரிசு கொடுக்கலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாதியாக இருந்தது எண்பத்தெட்டு சதவீதமானால், எதிர்முனையில் கேட்பவருக்கு ஏதோ மத்தளம் கொட்டியது போல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாதாரண நாளில் வித்தியாசம் காதுக்குத் தெரிவதே கஷ்டம், இரண்டரை டெசிபெல்தான். இரைச்சலுக்குள் பாதி முழுகி, ஊர்ப் பெயர் வருகிறதா இல்லையா என்று தவிக்கிற ராத்திரியில்தான் அந்த இரண்டரை டெசிபெல்லுக்கு விலை தெரியும். பேட்டரி இறங்கிக் கொண்டிருக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

எலெக்ட்ரீஷியன் சொன்ன உப்பும் கரியும் போட்ட குழியும் அங்கே இருக்கிறது. அது இடிக்காக. ஐப்பசி பிறந்துவிட்டால் சாயங்காலம் மலைப்பக்கம் உறுமும். அப்போது அண்ணாச்சி முதலில் செய்வது கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே எறிவது. பத்து மீட்டர் கம்பியை நட்டுக் கொண்டு இடியோடு விளையாட முடியாது.

போன தடவை நான் போயிருந்தபோது, தென்னைக்குப் பாத்தி எடுக்க வந்தவர் மண்வெட்டியால் மூன்று கம்பிகளை வெட்டிவிட்டுப் போயிருந்தார். அண்ணாச்சி கோபப்படவில்லை. அனலைசரை எடுத்து அடியில் வைத்துப் பார்த்தார். 41 இருந்த இடத்தில் 42.

"சாரமில்லை. மழை விட்டதும் ஒட்டுப் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செட்டை ஆன் செய்தார்.